பாத்ரூமுக்கு ஒரு பெல்

ஏனுங்க,

நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பதினோரு மணிக்கு நம்ம புது சீனியர் சிட்டிசன் ஃப்ளாட்டுக்கு எலக்ட்ரீசியன் வருவாரு. சாவி ஃப்ரிட்ஜ் மேல இருக்குது. பாத்ரூம்ல அவசர பெல்லைத் தரையோரமா வெக்கச் சொல்லுங்க. உளுந்தவங்க கைக்கு எட்டோணும்.

“நீதான் ஊட்டுலயே இருக்கறயே, பெல் எதுக்கு?”ன்னு நேத்து கத்துனீங்க. எட்டு வருசத்துக்கு முன்னால, இந்த ஊட்டு பாத்ரூம்ல உங்கம்மா உளுந்த அன்னைக்கும் நான் ஊட்டுலதான் இருந்தேன். மிக்சி ஓடுன சத்தத்துல அத்தை கூப்பிட்டது எனக்குக் கேக்கலீங்க. இதை உங்ககிட்டச் சொன்னதே இல்ல.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது.

- மரகதம்

சட்னி இன்னைக்கும் கொரகொரன்னுதான் இருக்கும், திட்டாதீங்க. அரைக்கறப்ப நடுநடுவுல மிக்சியை நிறுத்திப்போட்டு, யாராச்சும் கூப்பிடறாங்களான்னு கேக்கறேனுங்க.