வேற ஆளைக் கொடு

அண்ணே,

இன்று காலை நீ வேலை பார்த்த கடையின் முதலாளி பாய் ஒரு துணிப்பை கொடுத்தனுப்பினார். கடைக்குப் பின்னால் நீ தங்கியிருந்த அறையை ஒழித்தார்களாம். உள்ளே இரண்டு சட்டை, ஒரு சீப்பு, மூடி சரியாகத் திருகாத கிராம்புத் தைலப் புட்டி. பல்வலிக்கு நீ எந்நேரமும் பையில் வைத்திருப்பாயே, அதுதான். தைலம் கசிந்து சட்டை இரண்டும் அந்த நெடியில் ஊறிக் கிடந்தன. அம்மா ஒரு சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்து ஒரு மாதம் ஆன பிறகும் வாசலில் வந்து அதிகாரம் பண்ணுகிறாயே என்று.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றேன். இனி 'நீ' போதும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எனக்கு ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்த அன்று நான் துள்ளிக் குதிக்கவில்லை. உனக்கு அது தெரியும். பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டு இந்த அந்தமான் டாலிகஞ்ச் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்டர்வியூவில் அந்த அதிகாரி நன்றாகப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று மேஜையில் அடித்து, "ஆதா கண்டா ஹோ கயா! ஸோ ரஹீ ஹோ க்யா?" என்று கத்தினார். அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன், தூங்குகிறாயா என்று. லைன் கிடைக்காத ஆள் எப்படித் திட்டுவான் என்று காட்டினாராம். "மாஃப் கீஜியே சாப், அபி தேக்தி ஹூம்" என்றேன் நான், மன்னியுங்கள், இதோ பார்க்கிறேன் என்று. அவர் சிரித்து ஏதோ குறித்துக்கொண்டார். ஆனால் வேலைக்குச் சேர்ந்தால் இது ஒரு நாள் கூத்து இல்லை, தினமும் எட்டு மணி நேரம். என் ஹிந்தி பஜார் ஹிந்தி. என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு நின்றது. முகம் தெரியாதவர்கள் திட்டத் திட்ட பணிவாகப் பதில் சொல்ல என்னால் முடியுமா?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னைத் தவிர. அதுதான் நான் செய்த தப்பு.

நீ முதலில் தலையில் கைவைத்து, "பயப்படாத பிலோ, யோசிப்போம்" என்றாய். மறுநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அம்மாவிடம் வேறு குரலில் பேசினாய்.

"இவளே பயந்து கெடக்கா. நாள் பூரா கண்ட ஆம்பளைககிட்ட 'எஸ் சார், எஸ் சார்'னு கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறதுக்குப் பேரு நௌக்ரியா? கோயில்ல நம்ம ஆளுக மூஞ்சில எப்படி முழிக்க? அப்பா இருந்தா விட்டிருப்பாகளா?"

அப்பாவை ஏன் இழுத்தாய்? கடலிலிருந்து கரையேறியதும் முதல் வேலையாக என் பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பார்க்கும் மனுஷன் அவர். ஆனாலும் என் பயத்தையே எடுத்து என் முன்னால் நீட்டினாய். போகவேண்டாம் என்று பாதி முடிவே எடுத்துவிட்டேன். நீ அக்கறையில் சொல்கிறாய் என்று நம்பினேன்.

பத்தாவது நாள் நீ கடைக்குப் போயிருந்த நேரம். அம்மா ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தாள். முந்தின கப்பலில் தூத்துக்குடியிலிருந்து வந்தது, மாப்பிள்ளை வீட்டார் உனக்கு எழுதியது. அவர்கள் மகனுக்கு நான், அவர்கள் மகளுக்கு நீ என்று பேசி வைத்திருந்தார்கள். நீ அதை அம்மாவுக்கு ஏற்கெனவே படித்துக் காட்டியிருந்தாய்.

"மாப்பிள்ளையோட அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு எழுதியிருந்தாகளே, அதை மட்டும் இன்னொரு வாட்டி படிட்டி" என்றாள் அம்மா.

படித்தேன். அந்த அம்மாவின் உடம்பு சுகமில்லாதது இரண்டு வரி. அதற்குக் கீழே முக்கால் பக்கம் நீ படிக்காமல் விட்டது. அந்தமானில் பெண் டெலிபோனில் பேசும் வேலைக்குப் போகிறாளாம், கேள்விப்பட்டோம், அப்படியானால் எங்களுக்கு ஒத்துவராது, உன் கல்யாணமும் சேர்ந்து நின்றுபோகும், தங்கச்சியை அடக்கி வை, அவள் மனுப்போட்டபோதே நீ ஒப்புக்கொண்டபடி நடந்துகொள் என்று எழுதியிருந்தது. ஒப்புக்கொண்டபடி! உத்தரவு வருவதற்கு முன்பே, நான் மனுப்போட்ட நாளிலேயே, நீ அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

அம்மா கேட்டாள், "ஏன்ட்டி நிறுத்திட்ட?"

"முடிஞ்சிட்டும்மா" என்றேன்.

சாயங்காலம் நீ வந்ததும் கடிதத்தை உன் கையில் கொடுத்தேன். உன் முகம் மாறியதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

"உங்க கல்யாணத்துக்காகத்தான் என் நௌக்ரி வேண்டாமா, அண்ணே? அப்படின்னு நேராச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனே."

"எனக்கும் முப்பத்திரண்டு ஆவுது. இந்தத் தீவுல எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நீ ஒரு வார்த்தை வேண்டாம்னா ரெண்டு பேருக்கும் வாழ்க்கை."

"எனக்கு என்ன வாழ்க்கைன்னு நீங்களே முடிவு பண்ணியாச்சா?"

"போயிருவியோ? போய்ப் பாரு. ரெண்டு நாள்ல அழுதுட்டு வருவ."

அந்த நிமிடத்தில்தான் என் பயம் போனது என்று எழுத ஆசை. போகவில்லை. பதினாலாவது நாள் பயத்தோடுதான் போய்க் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் அழவும் செய்தேன், எக்ஸ்சேஞ்சின் பின்கட்டில் நின்று. மாலதி தீதி என்னும் வங்காளி ஆபரேட்டர், "திட்டுறது உன்னை இல்லடி, லைனை" என்று ஹிந்தியில் சொல்லி, முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கப்பல் எப்போது வரும் என்று கேட்டுத் திட்டுவார்கள், நான்தான் ஓட்டி வருகிறேன் என்பதுபோல. மழையில் கம்பி அறுந்தாலும் நான்தான். மூன்றாவது மாதம் என் குரல் நடுங்குவது நின்றது.

இரண்டு கல்யாணமும் நின்றன. நீ கடைக்குப் பின்னால் குடிபோனாய். கடையிலோ டெலிபோன் உண்டு. பாய்க்காக நீதான் தினமும் அதன் கைப்பிடியைச் சுற்றி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவாய். அழைப்பு வந்ததற்கு அடையாளமாக என் முன்னாலிருக்கும் போர்டில் கடை எண்ணின் தகடு விழும். நான் அந்தத் துளையில் கயிற்றைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். ஒரு நிமிஷம் மூச்சுச் சத்தம். பிறகு நீ, "வேற ஆளைக் கொடு."

ஆறு வருஷம், அண்ணே. கூடப் பிறந்தவன் ஆறு வருஷம் என்னிடம் பேசியது அந்த ஒரே வாக்கியம்.

அதோடும் உனக்கு ஆறவில்லை. இரண்டாவது வருஷம் சூப்பர்வைசருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. ஆபரேட்டர் பிலோமினா வியாபாரிகள் பேசுவதை ஒட்டுக்கேட்டு வெளியே சொல்கிறாள், வேலை நேரத்தில் லைனில் சொந்தக் கதை பேசுகிறாள் என்று. சூப்பர்வைசர் அதை என் முன்னால் வைத்து, "யே கிஸ்கே ஹாத் கீ லிகாயீ ஹை? பெஹ்சான்தி ஹோ?" என்றார். யார் கையெழுத்து, தெரியுமா என்று. எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த கை அது. அந்த 'பி'யின் சுழியை எனக்குத் தெரியாதா?

"நஹீ, சாப்" என்றேன்.

உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. என் அண்ணன் என்று சொல்ல அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். குற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. லைனில் சொந்தப் பேச்சு கூடாது என்பதை மட்டும் எல்லாருக்கும் இன்னொரு முறை சொல்லிவைத்தார்.

போன மாதம் உனக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா கூட இருந்தாள். நான் வரவில்லை. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி எண்ணின் தகடு விழுந்தது. செருகினேன். மூச்சுச் சத்தம் கேட்டது. யார் என்று தெரிந்துவிட்டது. வழக்கமான வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.

"பிலோ" என்றாய். "நம்பர் ஒண்ணும் வேண்டாம்ட்டி. நீ நல்லாயிருக்கியா?"

அறையில் மாலதி தீதி மட்டும்தான் இருந்தாள். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

"லைன்ல சொந்தப் பேச்சு பேசக் கூடாது, சார்" என்று சொல்லி, கயிற்றைப் பிடுங்கினேன்.

நான்காம் நாள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி டெலிபோன் வரை நீ சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனதாக அம்மா சொன்னாள். யாரிடம் பேசினாய் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கோயில் பங்குச் சாமியார் மன்னித்துவிடச் சொல்கிறார். நீ செய்தது எதையும் நான் மன்னிக்கவில்லை. அன்று கயிற்றைப் பிடுங்கியது நியாயம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரி எண் விழும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் செருகுகிறது. திட்டுக்கும் மிரட்டலுக்கும் நிற்காத கை. நேற்று அந்தப் பக்கம் காத்திருந்த டாக்டர், "இவ்வளவு நேரமா?" என்று கத்தினார். மன்னிப்புக் கேட்டு லைன் கொடுத்தேன்.

அந்தத் திட்டும் உன்னால்தான், அண்ணே. இதற்கும் சேர்த்தே உன்மேல் கோபமாக இருக்கிறேன்.

பிலோமினா