திருப்பிக் கொடுக்காத ஜாக்கெட்

அன்புள்ள அப்பாவுக்கு,

லூமுட் படகுத்துறையில் முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் காதில் செருகியிருந்த பென்சில்தான். படகில் ஏறுகிறவர்களின் பட்டியலில் குறிக்கப் பெயர் கேட்டீர்கள். கூட வந்த தோழியின் பெயரைச் சொல்லி, நீங்கள் நீட்டிய மிதவை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். நீங்கள் வீட்டைவிட்டுப் போன ஐந்து வருஷத்தில் வளர்ந்துவிட்டேன், உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. வேலையிடத்துத் தோழிகளோடு வந்திருந்தேன். பள்ளிக்கு இப்போது போவதில்லை.

இருட்டில் கடலுக்குள் போனதும் எல்லாரையும் போனை அணைக்கச் சொன்னீர்கள். என்னைப் பார்த்து, “தண்ணியில கைய விடு பாப்பா, கடிக்காதுலா!” என்றீர்கள். விட்டேன். விரல்களைச் சுற்றித் தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. எல்லாரும் கத்தினார்கள்.

மடியில் அக்காவின் கல்யாண அட்டை இருந்தது. சர்ச்சில் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போக மாமாவைக் கேட்கலாம் என்கிறார் அம்மா. அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அட்டையை மடியிலேயே கவிழ்த்து வைத்தேன்.

கரை வந்ததும் இறங்கி ஓடினேன்.

“ஏய் பாப்பா, ஜாக்கெட்டு! கழட்டிக் குடுத்துட்டுப் போலா!”

நான் நிற்கவில்லை. வேன் எங்கள் குனோங் ராபாட் வரும்வரை உங்கள் மிதவை ஜாக்கெட் என் மேலேயே இருந்தது.

இன்று அதை உப்புப் போக அலசிக் காயவைத்தேன். அட்டையையும் இந்தக் கடிதத்தையும் அதன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, படகுத்துறைக்கே அனுப்புகிறேன்.

உங்கள் சின்ன மகள்