வலது கதவில் நான் கட்டிய ஒயர்

ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் ஒயரும் நீல ஒயரும். போர் மோட்டாருக்குப் போட்டது போக மிஞ்சிய கேபிளில் பிரித்தெடுத்தவை. கள்ளக்குறிச்சியில் கார் ஸ்பீக்கர் மாட்டும் கடைக்காரர் என் வண்டியின் வலது கதவைப் பிரித்து, உள்ளேயிருந்து அதை வெட்டியெடுத்து என் கையில் வைத்தார். உடனே உன் ஞாபகம்தான் வந்தது. ஆளுக்கொரு கதவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அப்படியே முன்னால் வந்து நின்றது. நீ போய் மூன்று வருஷமாகிறது. ஆனாலும் இதை உனக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் வண்டி வாங்கியிருந்தேன். இன்னொருவர் ஓட்டிய வண்டிதான், ஆனாலும் எனக்குப் புதுசு. முதல் சவாரியிலேயே நீ முகத்தைச் சுளித்துவிட்டாய். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் கட்டுகிறவன் நீ. வடக்கனந்தலைச் சுற்றி உன் பாக்ஸ் பாடாத தெரு கிடையாது. "இன்னா மச்சான் இது, கம்பெனிக்காரன் ஸ்பீக்கர வச்சிக்கிறானா, தீப்பெட்டிய வச்சிக்கிறானா? முன்னாடி ரெண்டையும் மாத்திப்புடலாம்" என்றாய். அடுத்த வாரமே நீயே பார்த்து ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாய். இடது கதவு உனக்கு, வலது கதவு எனக்கு. கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றும்போது நான் இரண்டு கிளிப்பை உடைத்தேன். நீ ஒன்றைக்கூட உடைக்கவில்லை, அதையும் நாலு தரம் சொல்லிக் காட்டினாய்.

என் பக்கத்தில் ஒயர் எட்டவில்லை. உன் பையில் இருந்ததும் தீர்ந்துபோயிருந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து நான்தான் அந்தக் கேபிள் துண்டைக் கொண்டுவந்தேன். "பிளஸ் மைனஸ் பாத்துப் போடுறா" என்று நீ அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாய். "எல்லாம் எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார்தான். தண்ணீர் கம்மியாக வந்தால் மோட்டார் ரிவர்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் நேராகிவிடும். போர் வைத்திருக்கும் எவனும் நம் பக்கம் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வான். ஸ்பீக்கர் என்ன சுற்றவா போகிறது? சுற்றாத பொருளுக்கு எந்த ஒயர் எங்கே போனால் என்ன என்று வந்த வாக்கில் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். அதற்குள் சங்கராபுரத்திலிருந்து உனக்கு போன் வந்தது, கல்யாண மண்டபத்தில் ஆம்ப்ளிஃபயர் புகைகிறதாம். பாட்டைப் போட்டுக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டாய்.

நீ போனபின் போட்டுப் பார்த்தேன். வயலின் கேட்டது, தாளம் கேட்டது, பாடுகிறவனைத்தான் காணோம். பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. நீ வாங்கிய ஸ்பீக்கர் மட்டம் என்று முடிவு கட்டினேன். என் கைவேலையில் கோளாறு இருக்கும் என்று தோன்றவே இல்லை. நான் எப்போதுமே அப்படித்தான், உனக்குத் தெரியாததா? சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, "சூப்பரா கீதுடா" என்றேன். ஆசையாக வாங்கி வந்தவனிடம் வேறென்ன சொல்வது?

அதன்பிறகு உனக்குக் கல்யாண சீசன். பல நாள் நீ என் வண்டியில் ஏறவில்லை. ஏறியபோது ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக ஏறினாய். வயிற்றில் கட்டி, வரிசையாக ஊசி போட வேண்டும் என்றார்கள். இந்த மருந்து சிலருக்குக் காதை மந்தமாக்கலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவைத்தார். முடி கொட்டும் என்றபோது சிரித்த நீ, காது என்றதும் சிரிக்கவில்லை. "காது பூட்சின்னா நான் இன்னாத்துக்குடா?" என்று படியிறங்கும்போது கேட்டாய். நான் வண்டியை எடுத்துவர முன்னால் நடந்தேன்.

இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில்தான் அது நடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீ தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாய்.

"மச்சான், பாடுறவன் குரலே நடுவுல இல்லியே. உனக்கு எப்டிடா கேக்குது?"

எனக்கும் அப்படித்தான் கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைதான். ஆனால் உடம்பு முடியாமல் இருப்பவனிடம், நீ பார்த்துப் பார்த்து வாங்கியது மட்டமான சாமான் என்று எப்படிச் சொல்வது என்று புத்தி போனது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த முறையிலிருந்து நீ வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகப் பாட்டுப் பெட்டியில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிவிடுவாய். உன் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் பாடும். காதுக்குக் கிட்டத்தில் வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன். மருந்து நிஜமாகவே உன் காதை மந்தமாக்கிவிட்டது என்று நம்பினேன். நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உயிருக்கு முன்னால் காதும் போய்விட்டது என்ற துக்கத்தோடுதான் நீ போனாய், என் பொய்யால் அந்தத் துக்கத்தைத் தொடங்கிவைத்தவன் நான் என்றே இத்தனை நாளும் இருந்தேன்.

போன மழையில் தண்ணீர் இறங்கி ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்ததால்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒயரைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"யாருண்ணா கட்டனது இத? பிளஸ் மைனஸ் மாறி கீது. ஒரு பக்கம் முன்னாடி தள்ளும்போது இன்னொரு பக்கம் பின்னாடி இழுக்கும். நடுவுல வர்ற குரலு ரெண்டுக்கும் மாட்டிக்கினு காணாம பூடும்."

நீ வாங்கியது நல்ல ஸ்பீக்கர். கோளாறு முழுக்க நான் ஒயர் கட்டியதில். அப்படியானால் அன்றைக்கு உன் காது என் கைவேலையின் கோளாறைத்தானே சரியாகக் கேட்டிருக்கிறது? அதை உன்னிடம் சொல்ல இனி வழியில்லை. புது ஜோடியை மாட்டி முடித்ததும், பாட்டைக்கூடப் போடாமல் நேரே வடக்கனந்தலுக்கு விட்டேன்.

உன் வீட்டுக்காரி வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அது அவருக்கு அன்னிக்கே தெரியுங்கண்ணா. வூட்டுக்கு வந்ததும் வராததுமா ஹெட்போன மாட்டிக்கினு பாட்டு கேட்டாரு. என் காது நல்லா கீதுடி, உங்கண்ணன்தான் ஒயர மாத்திக் கட்டிக்கிறான்னு ஒரே சிரிப்பு. கடைசியா டாக்டரு காது டெஸ்ட் எடுத்தப்பக் கூட ரெண்டும் நல்லா கீதுன்னுட்டாரு."

"அப்ப ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நானும் கேட்டேங்கண்ணா. சொன்னா அவன் ஒத்துக்கவே மாட்டான், நல்லா கேக்குதுன்னு எவ்ளோ நாளு பொய் சொல்றான்னு பாக்கறேன்னாரு. பேலன்ஸ என் பக்கம் தள்ளிட்டா எனக்குப் பாட்டு ஜோரா கேக்குது, அவன் மோட்டாரு ரிவர்ஸ்லயே ஓடட்டும்னாரு." அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. "என்னிக்கினா ஒரு நாளு வந்து ஒத்துக்குவான், அப்ப திட்டாத, சிரின்னு சொல்லிட்டுதான் போனாரு."

படுபாவி! அந்த இடது பக்கத்து ரகசியம் இதுதானா? என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே என்னை ஆழம் பார்த்திருக்கிறாய். நானும் சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துத் தூரப் போட்டதுபோல இருந்தது. அவள் கொடுத்த மல்லாட்டையைத் தின்றேன், காபி குடித்தேன், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்ப மனசு வரவில்லை. கரியாலூர் போகும் மலை ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். அடிவாரம் தாண்டியதும் பாட்டைப் போட்டேன். பாடுகிறவன் இரண்டு சீட்டுக்கும் நடுவில், கண்ணாடிக்குக் கீழே வந்து நின்று பாடினான். ஒயரைச் சரியாகக் கட்டினால் இவ்வளவுதான் விஷயம். மூன்றாவது வளைவில் ஒன்று ஞாபகம் வந்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

கடைசி இரண்டு நாள் நீ கண்ணைத் திறக்கவில்லை. உன் வீட்டுக்காரி டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் உன் தலைமாட்டில் குனிந்து, மெதுவாகப் பேசினேன். உன்ன மாதிரி எனக்கு யாருமே இல்லடா என்றேன். பயப்படாத, நான் இங்கதான் கீறேன் என்றேன். ஆம்பளைக்கு ஆம்பளை சொல்லக் கூச்சப்படுவதையெல்லாம் சொன்னேன். இந்தக் காதுக்கு எங்கே கேட்கப்போகிறது என்ற தைரியத்தில்தான் அத்தனையும் வந்தது. நீ போனபிறகு, ஒன்றுகூடக் கேட்காமல் போய்விட்டானே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

உனக்குக் கேட்டிருக்கிறது, மச்சான். எல்லாம் கேட்டிருக்கிறது.