அவளை எந்த அறையில் வைப்பது

காங்கேயம்
10.6.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் நலம். நீயும் குழந்தையும் நலமா? கைப்படக் கடிதம் எழுதச் சொல்லி டாக்டர் உத்தரவு. விழுந்து எழுந்ததிலிருந்து பழையதெல்லாம் இருக்கிறது, புதியதுதான் நிற்பதில்லை. எழுதினால் கொஞ்சம் தங்குமாம். இனி உனக்குத் தொல்லைதான்.

இன்னொரு வித்தையும் சொல்லிக்கொடுத்தார். மறக்கக்கூடாததை எல்லாம் மனதுக்குள் நம் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்து வைத்துவிட்டு, கண்ணை மூடி வாசலிலிருந்து நடக்க வேண்டும். மாத்திரையைச் சமையல்கட்டில் வைத்தேன். மாட்டு டாக்டர் வரும் நாளைக் கட்டுத்தரையில் கட்டினேன். உன்னை ஆசாரக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறேன், அங்கேதான் காற்று வரும். நம் தன்ஷிகா மட்டும் வைத்த இடத்தில் நிற்பதில்லை. எந்த அறைக்குப் போனாலும் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறாள்.

உன்னோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறாள் என்று அம்மா சொன்னார். லீவு விட்டால் கூட்டி வாயேன்.

அன்புடன்,
சபரீஷ்

கணபதி, கோவை
17.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன வருடம் பல்லடம் ரோட்டில் வண்டி சறுக்கியபோது தன்ஷிகா உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அன்றே போய்விட்டாள், மாமா. நீங்கள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தீர்கள். என் அண்ணன்தான் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்.

இதை உங்களிடம் நேரில் பலமுறை சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பதுபோல அழுதீர்கள். தூங்கி எழுந்ததும் அவள் எங்கே என்றீர்கள். அத்தையால் பார்க்க முடியவில்லை. "எம்பையன் தெனமும் சாகோணுமா அம்மணி? பள்ளிக்கூடம் போயிருக்குதுன்னு சொல்லிப்போடலாம்" என்றார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாமல்தான் இங்கே வேலைக்கு வந்தேன்.

திரும்பத் திரும்பச் சொன்னால் தங்கும் என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். மாத்திரையைப் பழகியதுபோல இதையும் பழகுங்கள். தினமும் உங்கள் கையால் எழுதுங்கள். கொடுமைதான், தெரியும். ஆனால் அவளுக்காக இங்கே நான் தனியாக அழுதுகொண்டிருக்கிறேன். துணைக்கு நீங்கள் வேண்டும்.

உங்கள்,
பிரியா

காங்கேயம்
1.7.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்திருக்கிறேன் போல, சட்டை நனைந்திருந்தது. என்ன எழுதியிருந்தாய் என்பது நிற்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்ததாக அம்மா சொன்னார். கடிதத்தையும் காணோம்.

ஆனால் நான் தேறிவருகிறேன். விளக்கு வைத்ததும் அம்மா பாடம் கேட்கிறார். என்ன கிழமை, யார் வந்தார்கள், குழந்தை எங்கே. "பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க" என்று நான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் தப்பே வருவதில்லை. கிழமையைத் தப்பாமல் சொல்கிறேன் என்று டாக்டர் மெச்சிக்கொண்டார்.

தன்ஷிகாவும் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். ஆசாரத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முன்பல் விழுந்துவிட்டது. உன்னிடம் காட்டுகிறாள், நீதான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறாய்.

அன்புடன்,
சபரீஷ்

கணபதி, கோவை
8.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையிடம் போனில் சண்டை போட்டேன். இப்படிப் பொய்யை மனப்பாடம் செய்ய வைக்கிறீர்களே என்று கத்திவிட்டேன். பல் விழும் வயதே அவளுக்கு வரவில்லை, மாமா. இருந்திருந்தால் இந்த வருடம்தான் விழுந்திருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

என்னிடம் அவளுடைய வீடியோக்கள் இருக்கின்றன. பார்த்துப் பார்த்து, இப்போது அவற்றில் உள்ளது மட்டுமே நினைவுக்கு வருகிறது. படம் எடுக்காத நாளெல்லாம் எங்கோ போய்விட்டது. காய்ச்சலில் என்னை என்னவோ சொல்லிக் கூப்பிடுவாளே, அது என்ன? யோசித்தால் பிறந்தநாள் பாட்டுதான் கேட்கிறது. உங்கள் தலைக்குள் அவள் வளர்கிறாள் என்பது எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பல் எந்தப் பக்கம் விழுந்தது?

உங்கள்,
பிரியா

காங்கேயம்
15.7.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் கடிதத்தில் இரண்டாம் பக்கம்தான் என் கைக்கு வந்தது. முதல் பக்கத்தை அம்மா எங்கோ வைத்துவிட்டாராம்.

கீழ் வரிசையில், நடுப்பல். சாணிக்குள் வைத்து ஓட்டின் மேல் எறியச் சொன்னேன். அவளுக்கு எட்டவில்லை, சாணி தலையிலேயே விழுந்தது. அப்புறம் நான் தூக்கிப் பிடித்தேன். நல்ல கனம் ஆகிவிட்டாள்.

காய்ச்சல் வந்தால் "ஏனுங் அம்மணி" என்பாள். நான் உன்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கற்றதுதானே. நீகூடச் சிரித்துக்கொண்டே திட்டுவாய்.

"அம்மா ஏன் என்னைப் பாக்க மாட்டேங்குது?" என்று நேற்றுக் கேட்டாள். நான் என்ன சொல்வது? நீயே வந்து சொல்.

அன்புடன்,
சபரீஷ்

கணபதி, கோவை
20.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஆமாம், அப்படித்தான் கூப்பிடுவாள். ஆபீஸில் கடிதத்தைப் பிரித்தவள், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நடந்ததை எல்லாம் மறுபடி எழுதி, இந்த முறை உங்கள் டாக்டருக்கே அனுப்பி உங்களைப் படிக்கவைக்க நினைத்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி யாரும் உங்களிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நானும் அவளைப் பார்க்க வருகிறேன் என்று அத்தைக்குப் போன் செய்தேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். "நீயுமா அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வேலையை விட்டுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நம் ஊர் நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள். வெயில் ஏறியிருக்கும். அவளுக்குத் தொப்பி போட்டுக் கூட்டி வாருங்கள்.

உங்கள்,
பிரியா