சரிபார்த்தவர் கையெழுத்து

எதிர்வீட்டு மதிலுக்கு இன்று வெள்ளையடிக்கிறார்கள். தகர டிரம்மில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அடுப்பில்லாமல் கொதித்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை மூடிவைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்கு முகவரி இல்லாதது ஒரு வசதி. பதில் வராது என்பது இன்னொரு வசதி.

இப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். வினைகளின் வெப்ப மாற்றத்தைக் கணக்கிடும் பாடம் எனக்கே வந்து சேர்ந்தது. 'ஆலை அனுபவம் உள்ளவர்' என்று என் மேல் ஒரு மதிப்பு. என்ன அனுபவம் என்று யாரும் கேட்டதில்லை.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு ஆலையின் ஆய்வகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தினமும் காலையில் ஒரு பிளாஸ்க்கில் தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்து, முந்தைய நாள் சரக்கில் ஒரு பிடி போட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். நன்றாக ஏறினால் நல்ல சரக்கு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளானாலும் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும்: கணக்கிட்டவர், சரிபார்த்தவர். ஒருவர் தவறு செய்தால் மற்றவர் கண்டுபிடிப்பார் என்பது ஏற்பாடு. ஒருவர் சரியாகச் செய்தால் மற்றவர் என்ன செய்வார் என்று அதில் சொல்லப்படவில்லை.

அந்த வருடம் கிடங்கின் கூரையில் நாலைந்து ஷீட் உடைந்து கிடந்தது. உள்ளே கூரை உயரத்துக்குச் சுட்ட சுண்ணாம்பு மூட்டைகள். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் கேட்காமலே நீ ஒரு கணக்குப் போட்டாய். ஐம்பத்தாறு கிராம் சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்தால் அறுபத்தைந்து கிலோஜூல் வெளியேறும். ஒரு கிலோவுக்கு ஆயிரத்து நூற்று அறுபது. "கிலோஜூல்னு சொன்னா ஆபீஸ்ல கொட்டாவி வுடுவாங்க, தண்ணியில சொல்லணும்டா" என்றாய். சரக்கின் அழுக்குக்கும், சுண்ணாம்பே சூடேறுவதற்கும் கொஞ்சம் கழித்துவிட்டு இப்படி எழுதினாய்: 'ஒரு கிலோ சுண்ணாம்பு மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். தண்ணீர் குறைவாகக் கசிந்தால் இன்னும் மோசம். வெப்பத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் மூட்டை பற்றிக்கொள்ளும்.'

மேலாளர் அறையில் நானும் உன்னோடு நின்றேன். அவர் வணிகவியல் படித்தவர். தாளை இரண்டு தரம் படித்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஏம்ப்பா, மைனஸ் அறுபத்தஞ்சுன்னு போட்டிருக்க. மைனஸ்னா கூலிங்தான?"

"இல்லீங்க சார். சுண்ணாம்பு அவ்வளவு சூட்டை வெளிய வுடுதுன்னு அர்த்தம். அதுக்கு மைனஸ். நமக்கு அது பிளஸ்ஸு."

"நமக்குப் பிளஸ்ஸுன்னா நல்லதுதானப்பா? அப்புறம் ஏன் பயமுறுத்துற?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நீ அடக்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "சரிபார்த்தவர் கையெழுத்தைக் காணோமே. ரெண்டு கையெழுத்தோட கொண்டாங்க, மேல அனுப்புறேன்" என்று தாளைத் தள்ளினார்.

வெளியே வந்ததும் பேனாவை நீட்டினாய்.

"போடுடா."

"மாப்ள, அடுத்த மாசம் எனக்கு கன்ஃபர்மேஷன்டா. இந்த மழை முடியட்டும்."

"மழை முடிஞ்சா எதுக்குடா இந்தக் கணக்கு?"

நான் ஆய்வகத்தைப் பார்த்து நடந்தேன். கூடவே வந்தாய்.

"கணக்கு தப்பா?"

"தப்பில்ல."

"அப்ப தப்பில்லன்னு போடு."

போடவில்லை. நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "சரி வுடு, நீ பொழச்சுக்குவ" என்று பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டாய். ஒற்றைக் கையெழுத்தோடு தாளை ஆபீஸில் கொடுத்தாய். நகல் ஒன்றை என்னிடம் தந்தாய். அன்று வீட்டில் உட்கார்ந்து அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மூன்றரை லிட்டர்தான். ஆக, நான் சரிபார்த்தவன்தான். கையெழுத்து மட்டும்தான் இல்லை.

அடைமழையின் மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்குக் கிடங்கிலிருந்து புகை வந்தது. தீ கண்டால் தண்ணீர் என்று ஆலையின் எல்லாச் சுவரிலும் எழுதிப் போட்டிருந்தார்கள். கூலியாட்கள் இருவர் அதைப் படித்தவர்கள், படித்தபடியே செய்தார்கள். பெரிய குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். "தண்ணி ஊத்தாதீங்க! ஊத்தாதீங்கய்யா!" என்று கத்திக்கொண்டே நீ ஓடினாய். நான் ஆய்வக வாசலில் தெர்மாமீட்டரோடு நின்றேன். குழாயை நீ பிடுங்கியதையும், இருவரையும் வெளியே தள்ளியதையும் பார்த்தேன். மூட்டைகள் உன் மேல் சரிந்ததையும் பார்த்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாய். பேச வாய் இல்லை.

பாடத்தில் வினை நடக்கிற பொருளுக்கு அமைப்பு என்று பெயர், மற்றதெல்லாம் சூழல். அமைப்பு இழக்கும் வெப்பத்தைச் சூழல் பெறும். வருடத்துக்கு ஒரு தரம் இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பக் கொஞ்ச நேரம் ஆகிறது.

விசாரணையில், உன் தாளை முன்பே பார்த்ததுண்டா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அறிக்கை நேர்த்தியாக வந்தது: அந்தத் தாள் 'சரிபார்க்கப்படாத வரைவு'; நீ 'அனுமதியின்றிக் கிடங்கில் நுழைந்து, தன் கவனக்குறைவால்' இறந்தாய். என் பணி நிரந்தரக் கடிதம் உன் காரியத்துக்கு மறுநாள் வந்தது. ஒரு வருடம் அதைக் காப்பாற்றிவிட்டு ராஜினாமா செய்தேன். மனசாட்சி என்று நினைக்காதே. பெரம்பலூரில் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லையில் இருக்கும் உன் அப்பாவைப் போன மாதம் பார்க்கப் போனேன். 'கவனக்குறைவு' என்ற அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி இன்னமும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

"தனியா எழுதிக் குடுத்து மாட்டிக்காதடான்னு அன்னைக்கே சொன்னேன், தம்பி. 'தனியா இல்லப்பா, அவனும் கையெழுத்து போட்டிருக்கான், ஒரு நகல் அவங்கிட்டயும் இருக்கு'ன்னான். அதான் நான் தைரியமா இருந்தேன். ரெண்டு பேரு சொல்லியும் கேக்கலன்னா தப்பு யாரு மேல? நீங்க ஒருக்கா வந்து அந்தத் தாளக் காட்டுனாப் போதும்."

அப்பாவின் பயத்துக்காகச் சொன்ன பொய்யா? நான் எப்படியும் போட்டுவிடுவேன் என்று நம்பினாயா? உன்னைக் கேட்க முடியாது. "வரேங்கய்யா" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மடலுக்கு நடுவே எழுந்துபோய் அந்த நகலை எடுத்தேன். கணக்கை மூன்றாவது முறையாகப் போட்டேன். எண் மாறவில்லை. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பழைய தேதியைப் போட்டிருந்தால் மனுவுக்கு உதவியிருக்கும். மை கூட ஏறக்குறைய அதே நிறம்தான். இன்றைய தேதியைப் போட்டேன்.

நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறுகிறேன். விசாரணையில் பொய் சொன்னேன் என்று எழுதிக்கொடுக்கவும் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் உன் அப்பா இந்தத் தாளை வாங்கிப் பார்ப்பார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வேதியியல் எதுவும் அவருக்குப் புரியாது. தேதி புரியும்.