டம்ளரில் நாற்று

ஐப்பசி 9, வியாழன்

விதை முளைப்பதைத் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நிலாவுக்குச் செல்போனில் நடக்கும் வகுப்பில் வீட்டுப்பாடம். என் மகள் மூன்றாம் வகுப்பு. முந்தாநாள் ஒரு கைப்பிடி நெல்லை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி அடுப்படி ஓரம் வைத்தாள். மணிக்கொருதரம் அவிழ்த்துப் பார்த்தாள்.

அவள் அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பாபநாசத்தில் உரக்கடை வைத்து ஊருக்கெல்லாம் விவசாயம் சொல்லித் தருகிற மகா ஞானி. வகுப்பு குரூப்பில் வேறு பிள்ளையின் படம் முதலில் வந்துவிட்டதாம், மானம் போய்விட்டதாம். வயலுக்குப் போய், நடவுக்கு வைத்திருந்த நாற்றில் ஒரு கொத்தைப் பிடுங்கி வந்தார். வேரைக் கழுவி டம்ளரில் செருகி, குழந்தையைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்.

"என்னங்க, முந்தாநாள் ஊறப்போட்ட நெல்லு இன்னைக்கு ஒரு சாண் வளருமா?"

"டீச்சருக்கு என்ன தெரியப் போவுது? நீ சும்மா இரு."

தெரியவில்லைதான். மூன்று வேளையும் சோறு தின்கிற அந்த அம்மாள் நட்சத்திரமாக அனுப்பி, "சூப்பர் நிலா!" என்றாள். இவர் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். நாற்றைப் பிடுங்கியதற்கு நட்சத்திரம்!

சாப்பிடும்போது பார்த்தேன், அடுப்படி ஓரம் துணி இல்லை. நெல்லை நிலா கோழிக்குப் போட்டுவிட்டாளாம். முளை விட்டிருந்ததா என்று கேட்டேன்.

"வெள்ளையா, துளியூண்டு வந்திருந்துச்சு."

பிறகு அவரிடம் திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "அடுத்த பாடத்தையும் நீங்களே செஞ்சிடுங்கப்பா. போட்டோவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

"சரிடா கண்ணு" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.