எலி மாமாவுக்குப் பதில்

இடைசெவல்
3.3.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. நேற்று நம் சுதா வீட்டுக்குப் பின்னால் புஞ்சை வரப்பில் குப்புறப் படுத்து, எலி வளைக்குள் தோள்வரைக்கும் கையை விட்டிருந்தாள். “ஏட்டி, என்ன செய்யுதே?” என்று கத்தினேன். “எலி மாமாவுக்குப் பதில் போடுதேம்மா” என்கிறாள். நீங்கள் எழுதி அனுப்புகிற பாட்டில் மூக்குக்கண்ணாடி போட்ட எலி, ‘பதில் எழுது பாப்பா’ என்று கேட்கிறதல்லவா, அதற்குத்தான்!

எலி கொண்டுபோன பாசிப்பயறு கிடைக்குமே என்று, இன்று பக்கத்து வளையைச் சோலை அண்ணாச்சி வெட்டினார். உள்ளே நல்லபாம்பு.

பம்பாயில் இருக்கிற உங்களுக்கு அது மாமா. எங்களுக்குப் பயறு மூட்டையைக் கடிக்கிற சனியன். அது இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். பிள்ளையை அடித்தும் பார்த்தேன், வளையை முள் வைத்து அடைத்தும் பார்த்தேன். “மாமா எப்படி வெளிய வரும்?” என்று முள்ளை எடுத்துவிடுகிறாள். எலி சொன்னால்தான் கேட்பாள். எழுதுங்கள்.

பயத்துடன்,
வள்ளித்தாய்


பம்பாய்
8.3.1997

அன்பு வள்ளிக்கு,

உன் கடிதம் படித்த கையோடு எழுதுகிறேன். அங்கே நம் வீட்டுப் பக்கத்தில் ஒரு போன் இருந்தால் இந்நேரம் பேசியிருப்பேன். எலியைக் கண்டாலே கம்பை எடுக்கிற ஊரில், பிள்ளை ஒரு சின்ன உயிரிடம் பிரியமாக இருக்கட்டுமே என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கீழே உள்ளதை அவளுக்கு வாசித்துக் காட்டு. வளையை எல்லாம் கல் போட்டு மூடச் சொல். அவளைத் தனியே விடாதே.

வளையைக் காலி செய்துவிட்டேன்,
வாலைச் சுருட்டிக் கிளம்பிவிட்டேன்,
கடம்பூர்ப் போளி தின்னப்போறேன்,
கடிதம் இனிமேல் வேண்டாம் பாப்பா.
– எலி மாமா

உன்,
பூவனலிங்கம்


இடைசெவல்
14.3.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்க அட்ரஸ் எழுதிக் குடுத்த கார்டுல எழுதுதேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டா. மத்தியானம் சோறு திங்க வந்தேன், தபால்காரர் லெட்டரை என் கையில குடுத்தாரு. மேல எல்லாம் கூட்டெழுத்து, படிக்க வரல. பாட்டை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அழுகையா வந்துச்சு.

போகாதீங்க மாமான்னு சொல்லி, லெட்டரை வளைக்குள்ளயே திருப்பிப் போட்டுட்டேன். நிசமாவே காலியான்னு கையை விட்டும் பாத்தேன். மாமா போகலப்பா! உள்ளதான் இருக்கு. வால் சில்லுன்னு, வழவழன்னு, எம்புட்டுப் பெருசு! தடவிக் குடுத்தேன், மெல்ல நகந்துச்சு.

அம்மாகிட்டச் சொல்லல, அடிப்பா. நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. வாலைப் பிடிச்சு வெளிய இழுத்து, மாமாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேன்.

பூ. சுதாராணி
இரண்டாம் வகுப்பு